நம்ம தெருவுக்கு ஒரு செய்திக் குழு: மோசடிக்காரர்களிடம் சிக்காமல் இருக்க முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஒரு தெருவில் ஒரு வீடு ஏமாந்த செய்தி அடுத்த தெருவுக்குப் போய்ச் சேருவதற்குள், அதே ஆட்கள் அங்கேயும் வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போனில் வரும் மோசடியும் இப்படித்தான். ஒரே ஆள் ஒரே கதையை நூறு பேரிடம் சொல்கிறான். நூறில் தொண்ணூறு பேர் திட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள், ஆனால் அதைப் பக்கத்து வீட்டில் சொல்வதில்லை.

ஏமாறுகிறவர்கள் விவரம் இல்லாதவர்கள் என்று நினைத்தால் அது தப்பு. வங்கியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் தனியாக இருந்தார்கள், யோசிக்க விடாமல் அவசரப்படுத்தப்பட்டார்கள். "யாரிடமும் சொல்லாதீர்கள்", "இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது" என்ற இரண்டு வாக்கியங்கள் கிட்டத்தட்ட எல்லா மோசடியிலும் வரும். பக்கத்தில் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெரும்பாலானவை அங்கேயே நின்றுபோயிருக்கும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்கு ஒரு ஏற்பாடு செய்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

எல்லையைச் சின்னதாக வையுங்கள்

மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள் இருக்கின்றன. வார்டு முழுவதற்கும் ஒரு வாட்ஸ்அப் குழு என்று ஆரம்பித்தால் ஒரே மாதத்தில் அது காலை வணக்கப் படங்களுக்கும் கட்சிச் சண்டைக்கும் போய்விடும். முகம் பார்த்தால் அடையாளம் தெரியும் அளவுக்கு, ஒன்றிரண்டு தெருக்கள், ஐம்பது அறுபது வீடுகள் போதும். செல்லூர், வில்லாபுரம், ஜெய்ஹிந்த்புரம் பக்கம் காம்பவுண்டு வீடுகளில் இருப்பவர்களுக்கு இது பாதி வேலைதான். அங்கே ஒரு வீட்டில் குழந்தை அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும். திருப்பாலை, ஊமச்சிகுளம், நாகமலை புதுக்கோட்டை பக்கம் புதிதாக பிளாட் வாங்கி வீடு கட்டி வந்தவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. அங்கே வீட்டுக்கு வீடு காலி மனை, பகலில் ஆளில்லாத தெரு, எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரியாத நிலைமை.

முதல் வேலை வீடு வீடாகப் போவது. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குடும்பமாகப் போய்ச் செய்யுங்கள். ஆண்கள் மட்டும் போனால், பகலில் வீட்டில் இருக்கும் பெண்களின் எண் கிடைக்காது. அவர்கள் எண் இல்லாத குழுவால் அரைப் பயன்தான். அப்புறம், யாரையும் கேட்காமல் குழுவில் சேர்க்காதீர்கள்.

இரண்டு குழு, நாலு பொறுப்பாளர்

ஒன்று அறிவிப்புக் குழு. இதில் அட்மின் மட்டும் செய்தி போடும்படி அமைத்துவிடுங்கள். இன்னொன்று பேச்சுக் குழு. சந்தேகம், கேள்வி, அரட்டை எல்லாம் அங்கே. எந்தக் குழுவையும் மியூட் செய்வது அவரவர் விருப்பம், ஆனால் அறிவிப்புக் குழுவை மட்டும் மியூட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு நாலைந்து செய்திக்கு மேல் அதில் வரக்கூடாது. வந்தால் மியூட் செய்துவிடுவார்கள், அப்புறம் குழு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பொறுப்பாளர் நாலு பேராவது வேண்டும். பகல் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை வீட்டில் இருக்கும் ஒரு பெண் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். வாசல் மோசடி நடப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். போன் விவகாரம் தெரிந்த ஓர் இளைஞர், காவல் நிலையத்திலும் வார்டு அலுவலகத்திலும் பேசிப் பழகியவர் ஒருவர், எல்லோரும் மரியாதை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர்.

"அட்மினாக இருந்தால் நாளைக்குக் கேஸ் வருமா?" என்று பலர் தயங்குவார்கள். இது நியாயமான பயம். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வழக்கில், வெறும் அட்மின் வேலையை மட்டும் பார்த்தவர் என்றால், உறுப்பினர் போட்ட பதிவுக்காக அவரைக் குற்றவாளியாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதற்காக அவதூறான பதிவைப் பார்த்தும் பேசாமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. பார்த்த உடனே நீக்குங்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களை விட்டுவிடக் கூடாது

தெருவில் அதிகம் ஏமாற்றப்படக்கூடிய பாட்டியிடம் பட்டன் போன்தான் இருக்கும். அவருக்கு ஒரு பொறுப்பாள் வையுங்கள். எச்சரிக்கை வந்தால் இன்னார் இன்னாருக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று பெயர் எழுதி முடிவு செய்துவிடுங்கள். டீக்கடையிலோ அரவை மில்லிலோ கேட்டு ஒரு கரும்பலகை மாட்டினால் இன்னும் நல்லது.

அயர்ன் வண்டிக்காரர், பூக்காரம்மா, பால் போடுகிறவர், கீரை விற்கிறவர் இவர்களையும் இந்த ஏற்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் தெருவுக்குப் புதிது, எந்த வண்டி இரண்டு முறை சுற்றியது என்பது நம்மைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்களைச் சந்தேகப்படும் பட்டியலில் வைக்கிற தெருவுக்குத் தகவல் வந்து சேராது.

அன்றாடச் செய்திதான் குழுவைக் காப்பாற்றும்

எச்சரிக்கை மட்டும் போடுகிற குழுவை மக்கள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்த நாள் கரண்ட் போகும், குடிதண்ணீர் எப்போது வரும், பாதாளச் சாக்கடை வேலைக்கு எந்தத் தெருவைத் தோண்டியிருக்கிறார்கள், அழகர் ஆற்றில் இறங்கும் அன்று எந்தப் பக்கம் வண்டி விடமாட்டார்கள் என்பதெல்லாம் அதில் வரட்டும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. உண்மையான செய்தி தெருவுக்குத் தெரிந்திருந்தால் பொய்ச் செய்தி எடுபடாது. மின்கட்டண மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். "சார், போன மாச பில் எங்க சிஸ்டத்துல அப்டேட் ஆகல, இன்னைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு லைன் கட்டாயிடும், இந்த நம்பருக்குப் பேசுங்க" என்று செய்தி வரும். பேசினால் ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, "சோதனைக்குப் பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க" என்பான். அந்த ஆப் மூலமாக நம் போன் திரை முழுவதும் அவனுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள். "நம்ம தெருவுக்கு இன்று ரீடிங் எடுத்தார்கள்" என்று குழுவில் ஒரு வரி போட்டிருந்தால், "போன மாச பில்" என்று அவன் ஆரம்பிக்கும்போதே பொய் என்று தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மீட்டர் அட்டையில் இருக்கும் மின் இணைப்பு எண்ணைச் சொல்லிக் கேட்டால் பாக்கி உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். மின்வாரியத்தின் உண்மையான குறுஞ்செய்தி பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது, சுருக்கப் பெயரில்தான் வரும்.

எச்சரிக்கை போடுவதற்கு முன்

இந்த இடத்தில்தான் நிறையக் குழுக்கள் கெட்டுப்போகின்றன. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊர் கூடி அடித்தது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது. ஒரு மூதாட்டி இறந்தே போனார். அந்த வாரங்களில் குழந்தை கடத்தல் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய்ச் செய்திகள்தான் ஊரை அந்த நிலைக்குக் கொண்டுபோயிருந்தன. அதே ஆண்டு ஜூலையில்தான், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோய் ஊருக்குக் கிளம்பிய தொழிலாளர்களும் உண்டு. நம் குழுவில் போடும் ஒரு வரி யாரோ ஒருவர் உயிருக்கு உலை வைக்கலாம் என்ற பயம் அட்மினுக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

அதனால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் நேரில் பார்த்தது? எந்த இடம்? எந்த நாள், எத்தனை மணி? மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அறிவிப்புக் குழுவில் போடக்கூடாது. இரட்டை அம்புக்குறியோடு "பலமுறை ஃபார்வேர்ட் செய்யப்பட்டது" என்று வருவதைத் தொடவே வேண்டாம்.

"உஷார்! நம்ம ஏரியாவில் கொள்ளைக் கும்பல் இறங்கியிருக்கு, எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க" என்பது எச்சரிக்கை ஆகாது. எச்சரிக்கை என்றால் இப்படி இருக்க வேண்டும்:

"இன்று செவ்வாய், காலை 11.20. மூன்றாவது குறுக்குத் தெரு. நகை பாலிஷ் என்று இரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்றதும் கிழக்குப் பக்கம் நடந்து போனார்கள். நானே பார்த்தேன். யாரும் நகையைக் கையில் கொடுக்க வேண்டாம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு உடனே போன் செய்து சொல்லுங்கள்."

செயலைச் சொல்லுங்கள். ஆளின் நிறம், சாதி, எந்த ஊர்க்காரன் போல இருக்கிறான் என்பதெல்லாம் வேண்டாம். படமும் போடாதீர்கள். படம் எடுத்திருந்தால் காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். விஷயம் முடிந்ததும், அல்லது தவறான சந்தேகம் என்று தெரிந்ததும், அதையும் அதே குழுவில் போடுங்கள்.

வாசலுக்கு வருகிறவர்கள்

நகை பாலிஷ் மோசடி பல வருடமாக நடக்கிறது, இன்னும் நின்றபாடில்லை. அது படிப்படியாக நடப்பதைப் புரிந்துகொண்டால்தான் நடுவில் நிறுத்த முடியும்.

முன்பகல் நேரத்தில் பையோடு இரண்டு பேர் வருவார்கள். "கம்பெனி விளம்பரம்மா, காசு எதுவும் வேண்டாம், பித்தளைச் சாமான் இருந்தா கொடுங்க, தேய்ச்சுக் காட்டுறோம்." பழைய காமாட்சி விளக்கைக் கொடுப்போம். பொடியைத் தூவி இரண்டு தேய்ப்புத் தேய்த்ததும் விளக்கு பளபளவென்று ஆகிவிடும். அது உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும். அடுத்தது வெள்ளிக் கொலுசு. அதுவும் பளிச். அதற்குள் பேச்சுக் கொடுத்து வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார்கள். "கழுத்துல கிடக்கிறதும் கறுத்துப் போயிருக்கேம்மா" என்று மூன்றாவதாகத்தான் செயினுக்கு வருவார்கள்.

செயினை ஒரு திரவத்தில் போட்டுக் கழுவுவார்கள். தங்கத்தையே கரைக்கக்கூடியது ராஜ திராவகம் என்ற அமிலக் கலவை. செயின் பார்க்கப் புதுசு போல வரும், ஆனால் எடை குறைந்திருக்கும். கரைந்த தங்கம் அவர்கள் பாத்திரத்தில் இருக்கும். பல மாதம் கழித்து அடகுக் கடையில் எடை போடும்போதுதான் வீட்டுக்காரர்களுக்கே தெரியும். இன்னும் சில பேர் செயினை மஞ்சள் தண்ணீரோடு ஒரு டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்து, "பத்து நிமிஷம் கழிச்சுத் திறங்க, சூடு ஆறணும்" என்பார்கள். திறந்தால் உள்ளே செயினே இருக்காது.

அந்தப் பத்து நிமிடம் அவர்கள் இரண்டு தெரு தாண்டுவதற்கு. அதனால் செயின் போன பிறகு குழுவில் போட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை. பாலிஷ் என்ற வார்த்தை காதில் விழுந்த உடனே, விளக்கைக்கூடக் கொடுக்காத நிலையிலேயே போட வேண்டும். "சும்மா வந்து கேட்டவங்கதானே, இதைப் போய்ப் போடணுமா அக்கா?" என்று தயங்குவார்கள். போடத்தான் வேண்டும். எதுவும் நடக்காத வீட்டிலிருந்து வரும் செய்திதான் அடுத்த வீட்டைக் காப்பாற்றும்.

வங்கி வாசல், ஏடிஎம் விஷயத்தில் இரண்டு மட்டும். "உங்க பணம் கீழே விழுந்திருக்கு" என்றோ "சட்டையில அசிங்கம் பட்டிருக்கு" என்றோ யாராவது சொன்னால் முதலில் கை பையின் மேல் போக வேண்டும், கண் அப்புறம் கீழே போகட்டும். ஏடிஎம்மில் உதவுகிறேன் என்று வருகிறவர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார், அது அதே வங்கியின் வேறு கார்டாக இருக்கும். பென்ஷன் எடுக்கப் போகும் பெரியவர்களோடு தெருவிலிருந்து ஒருவர் முறை வைத்துக் கூடப் போவது நல்ல பழக்கம்.

போனில் வருகிறவர்கள்

"டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் பிரதமரே இதைச் சொன்னார். ஆனாலும் இன்னும் மாட்டுகிறார்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் ஆதாரில் சிம் வாங்கியிருக்கிறார்கள் என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு ஒருவர் வருவார். கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் பேசக் கூடாது, கணக்கில் உள்ள பணத்தைச் சரிபார்க்க இந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்பார். இரண்டு மூன்று நாள்கூட இப்படியே உட்கார வைத்திருப்பார்கள்.

இதில் சிக்கியவர் தானாகக் குழுவில் எழுதமாட்டார். தெருதான் கவனிக்க வேண்டும். தினமும் சாயங்காலம் வாசலில் உட்காருகிறவர் இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லையா, பேப்பர் வாசலிலேயே கிடக்கிறதா, அவசர அவசரமாக வங்கிக்குப் போய் டெபாசிட்டை உடைத்தாரா? போய்க் கதவைத் தட்டுங்கள். "என்னண்ணே, ஆளையே காணோம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். போனை வாங்கி அழைப்பைத் துண்டியுங்கள். ஒருவர் பக்கத்தில் வந்துவிட்டாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

ஏ.பி.கே. (.apk), அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு, குழுவுக்கே வரும் ஆபத்து. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான் என்று ஏதாவது ஒரு பெயரில் வரும், பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருக்கும். தொட்டு நிறுவினால் போனே அவர்கள் கைக்குப் போய், ஓடிபி எல்லாம் அங்கே போய்விடும். அதே போனிலிருந்து அவருடைய எல்லாக் குழுவுக்கும் அதே கோப்பு போகும். நம்ம தெரு அண்ணன் அனுப்பியதுதானே என்று நாமும் தொடுவோம். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், ஆப்பாக வராது. அப்படி ஒன்று குழுவில் வந்தால் அட்மின் உடனே அழித்துவிட்டு, அனுப்பியவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, அவருக்குச் சாதாரண அழைப்பில் பேசிச் சொல்ல வேண்டும்.

மற்றவற்றுக்குச் சின்னச் சின்ன விதிகள் போதும். யுபிஐ பின் எண் பணம் அனுப்பவும் கணக்கில் இருப்பைப் பார்க்கவும்தான், பணம் வாங்குவதற்கு எப்போதும் தேவையில்லை. வாட்ஸ்அப்பின் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும். பணம் போகவில்லை, சந்தேக அழைப்பு மட்டும் வந்தது என்றால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் புகார் செய்யலாம்.

காலேஜ் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். "உன் வங்கிக் கணக்கை ஒரு மாசத்துக்குக் கொடு, கமிஷன் தர்றோம்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏமாற்றிய பணத்தைச் சுற்றிவிட அப்படிப்பட்ட கணக்குகள்தான் தேவைப்படுகின்றன. கேஸ் வரும்போது முதலில் மாட்டுவது கணக்கு வைத்திருக்கும் பிள்ளைதான்.

தெரிந்தவர் பிடிக்கும் சீட்டு

எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான், ஏனென்றால் இங்கே ஆள் வெளியிலிருந்து வருவதில்லை. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, மாத ஏலச்சீட்டு எதுவானாலும் பிடிப்பவர் நம் தெருக்காரர், பல வருடமாகச் சரியாகக் கொடுத்தவர். அதனால் கேள்வி கேட்கக் கூச்சம். கேள்வி கேட்பது அவமானப்படுத்துவது இல்லை. 1982 ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்தப் பதிவு வேண்டும். பதிவு எண் இருக்கிறதா, ஒவ்வொரு மாதமும் கையெழுத்தோடு ரசீது தருகிறீர்களா என்று கேளுங்கள். பதிவு இல்லாத சீட்டில் போட்டே ஆக வேண்டும் என்றால், போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைக்கு மேல் போடாதீர்கள்.

லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம் வட்டி என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு 120 சதவீதம். எந்தத் தொழிலில் அவ்வளவு லாபம் வரும்? முதல் சில மாதம் ஒழுங்காக வரும், அதைப் பார்த்துச் சொந்தக்காரர் எல்லோரும் போடுவார்கள், அப்புறம்தான் நிற்கும். நின்றுவிட்டால் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997 இருக்கிறது. மதுரையில் பொருளாதாரக் குற்றப்பிரிவும் இந்தச் சட்டத்துக்கான சிறப்பு நீதிமன்றமும் இருக்கின்றன. தனித்தனியாகப் போகாமல், பணம் போட்ட எல்லோரும் ரசீதுகளைச் சேர்த்துக்கொண்டு போங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஆதாரம் இல்லாமல் குழுவில் ஒருவரைச் சீட்டு மோசடிக்காரர் என்று எழுதக் கூடாது.

பணம் போய்விட்டால்

உடனே 1930, சைபர் மோசடிக்கான உதவி எண் இதுதான். போலீஸ் ஸ்டேஷன், வங்கி, மகன், மருமகன் எல்லாம் அப்புறம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் எடுப்பதற்கு முன் வழியில் நிறுத்தினால்தான் உண்டு. பேசுபவருக்குப் பதற்றமாக இருக்கும், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் போனைப் பிடித்து, வங்கியின் பெயர், கணக்கு எண், எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, பரிவர்த்தனை எண், எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். லைன் கிடைக்காவிட்டால் ஒருவர் விடாமல் முயற்சி செய்யட்டும், இன்னொருவர் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதியட்டும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வங்கி. கார்டையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, எழுத்தில் புகார் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தப்பில்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. நாமே ஓடிபி கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது நம் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்வதில்தான் லாபம். அதன் பிறகு சைபர் கிரைம் காவல் நிலையம். மாநகரத்துக்குத் தனி, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமுள்ள மாவட்டப் பகுதிக்குத் தனி. போன் செய்திகளையும் அழைப்பு விவரத்தையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி.

ஏமாந்தவரை என்ன சொல்வது

"படிச்சவங்கதானே நீங்க, இதுகூடத் தெரியலையா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், அடுத்து ஏமாறுகிற பத்துப் பேர் வாயைத் திறக்கமாட்டார்கள். மறைத்த வீட்டில் நடந்ததேதான் அடுத்த வீட்டிலும் நடக்கும். அதனால் ஏமாந்தவர் பெயர் அறிவிப்புக் குழுவில் வரவே கூடாது. "நம்ம தெருவில் ஒருவருக்கு" என்று போட்டால் போதும். எப்படி நடந்தது என்பதை மட்டும் விவரமாக எழுதுங்கள். அவர் வீட்டுக்கு அன்று சாயங்காலம் யாராவது ஒருவர் போக வேண்டும். பணம் போனதைவிட, வீட்டில் திட்டு வாங்குவதில் மனம் உடைந்துபோகிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

புதிதாகக் குடி வருகிறவர்களுக்கு

குழு நடக்க ஆரம்பித்த பிறகு அதைக் காவல் நிலையத்தில் அறிமுகப்படுத்துங்கள். ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீடுகளை ரோந்துக்குச் சொல்ல அது உதவும். ஆனால் "நாங்கள் பத்து நாள் ஊரில் இல்லை" என்று குழுவில் எழுத வேண்டாம், காவல் நிலையத்திலும் பக்கத்து வீட்டிலும் சொன்னால் போதும். கிராமமாக இருந்தால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் நடக்கும் கிராம சபையில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். நகரத்தில் ஏரியா சபை இருக்கிறது.

வாடகைக்குப் புதிதாக வருகிற குடும்பத்துக்குப் பால் காய்ச்சும் அன்றே ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: 1930, மின்னகம் எண், நம்ம பகுதிக் காவல் நிலைய எண், பொறுப்பாளர் நாலு பேரின் எண். அதைப் பெரிய எழுத்தில் எழுதி, ஃபிரிட்ஜ் மேலோ காலண்டர் பக்கத்திலோ ஒட்டச் சொல்லுங்கள். போன் முடங்கிப்போன நேரத்தில் போனில் பதிந்து வைத்த எண் கைக்கு வராது.